தெரிந்த அளவுக்கு

உ
சிவமயம்

கானாடுகாத்தான்

அன்புள்ள மகளுக்கு அப்பச்சி எழுதுவது.

அன்றைக்கு போனில் நான் பட்டென்று வைத்துவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே ஆத்தா. "நாட்டுப் பாதுகாப்பு என்று வந்தால் மேலே இருப்பவர்கள் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், நாம் அதில் நியாயம் பார்க்கக்கூடாது" என்று நீ சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. செய்தி எழுதுகிற பிள்ளை நீ.

படை எங்கே நகர்கிறது, தகவல் யார் தந்தது என்பதைச் சொல்லாமல் விட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். சொன்னால் எல்லையில் நிற்கிற பிள்ளைகளின் உயிர் போகும். ஆனால், அரைகுறையாகத் தெரிந்ததை அடித்துச் சொல்வது வேறு கதை.

கார்கில் போர் முடிந்ததும் என்ன தவறு நடந்தது என்று ஆராய, பாதுகாப்பு வல்லுநர் கே. சுப்ரமண்யம் தலைமையில் குழு போட்டார்கள். 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. பாதுகாப்புக்காகச் சில பகுதிகளை நீக்கியிருந்தார்கள், நீக்கிய இடத்தில் நீக்கியிருக்கிறோம் என்று குறிப்பும் இருந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. மறைத்தது என்னவென்று தெரியாவிட்டாலும், மறைத்தார்கள் என்பது தெரிகிறதல்லவா?

2003 பிப்ரவரி 5-ஆம் தேதி அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் பேசியதைப் பார். ஈராக்கில் நடமாடும் நச்சுக்கிருமிக் கூடங்கள் இருக்கின்றன என்றார். தான் சொல்வது ஒவ்வொன்றுக்கும் உறுதியான ஆதாரம் உண்டு என்றார். அந்தக் கூடங்களின் கதை பெரும்பாலும் ஜெர்மனிக்கு ஓடிவந்த ஒரே ஒரு ஈராக்கியர் சொன்னது. பொய்தான் சொன்னேன் என்று 2011-இல் அவரே ஒப்புக்கொண்டார். பவலின் சொந்தத் துறையின் உளவுப் பிரிவே பேச்சின் வரைவைப் பார்த்துப் பல இடங்கள் பலவீனம் என்று எழுதிக் கொடுத்திருந்தது. சில நீங்கின, சில அப்படியே நின்றன. அவர் மனதறிந்து பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, நம்பித்தான் பேசியிருப்பார். ஆனாலும் அந்த 'உறுதி' என்ற சொல்லுக்கு அவர்தானே பொறுப்பு? தன் பெயரில் விழுந்த கறை என்று 2005-இல் அவரே வருந்தினார். அதற்குள் போர் மூண்டு ஈராக்கில் எத்தனை வீட்டில் இழவு!

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் பாட்டையா ரெங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்தார். 1941-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே பேசியபோது, பயப்பட ஒன்றுமில்லை, அவரவர் வேலையைப் பாருங்கள் என்று பொறுப்பில் இருந்தவர்கள் சொன்னதை நம்பி இருந்துவிட்டார். கப்பலுக்குப் பணம் கையில் இருந்தது. டிசம்பர் 23-ஆம் தேதி குண்டு விழுந்தது. மார்ச்சில் நகரமே விழுந்தது. அவர் அரக்கான் மலை வழியாக நடந்து வந்தார், கூட வந்த அடுத்தாள், கடையில் அவருக்கு உதவியாக இருந்தவர், வழியிலேயே காலராவில் போய்விட்டார். "தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் முன்னாடியே கப்பல் ஏறியிருப்பேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் சிறுவயதில் இதைக் கேட்டுக் கேட்டே தூங்கினோம்.

ஆகவே, பேட்டி கொடுப்பவர் எதை மறைத்தார் என்று மட்டும் துருவாதே. அடித்துச் சொன்னது எது, அது எவ்வளவு தெரிந்து சொன்னது, அதை நம்பி யார் என்ன முடிவெடுப்பார்கள் என்று கேள். அவருக்குச் சந்தேகம் இருந்தால் உன் செய்தியிலும் அந்தச் சந்தேகம் இருக்கட்டும்.

பாட்டையா சுமந்து வந்த பேரேடு இரண்டாங்கட்டு அறைப் பெட்டகத்தில் இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு வா, எடுத்துக் காட்டுகிறேன். ஆத்தா சீப்புச்சீடை சுட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பச்சி