மறுகால் எங்கே என்று கேட்டிருந்தீர்கள்

பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம்
9 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். தொலைபேசியில் நான் கத்துவதும், நீங்கள் "என்னம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும், கடைசியில் அம்மா வாங்கி "சாப்பிட்டாயா?" என்று முடித்து வைப்பதுமாக மூன்று வாரங்கள் போய்விட்டன. காதுக்குக் கருவி வரும் வரையில் கடிதமே மேல் என்று நீங்கள் சொன்னது சரிதான். இந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். அதோடு, பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகள் குளக்கரைகளில் நடந்த மனிதருக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்வி ஒன்றையும் கேட்டீர்கள்: "ஊருக்கு இரண்டு பக்கமும் ஏரி என்கிறாயே, அவற்றுக்கு மறுகால் எங்கே?" நிரம்பிய நீர் எந்த வழியே வெளியேறுகிறது என்ற கேள்வி, இங்கு வந்து இரண்டு ஆண்டுகளாகியும் எனக்குத் தோன்றவே இல்லை. விசாரித்து எழுதுகிறேன்.

பெல்வியூவுக்கு மேற்கே வாஷிங்டன் ஏரி, கிழக்கே சமாமிஷ் ஏரி. வாஷிங்டன் ஏரியின் மறு கரையில் சியாட்டில் நகரம். வடக்கு தெற்காக 35 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஏரி, பனியுகத்தில் பனிப்பாறைகள் குடைந்த பள்ளம். யாரும் கரை போட்டுக் கட்டியதல்ல. ஆனாலும் மறுகால் இருந்தது. தென்முனையிலிருந்து பிளாக் ஆறு என்ற பெயரில் நீர் வெளியேறிக் கடலை நோக்கிப் போயிற்று. கடலிலிருந்து கப்பல்கள் ஏரிக்குள் வருவதற்காக மேற்கே ஒரு கால்வாயை வெட்டி, 1916-இல் ஏரி நீரை அதன் வழியே திருப்பிவிட்டார்கள். சில மாதங்களில் ஏரி சுமார் 9 அடி இறங்கிவிட்டது. பிளாக் ஆறு வற்றிப் போயிற்று. அதன் கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வாழ்ந்த துவாமிஷ் பழங்குடியினரின் பிழைப்பும் அதோடு போயிற்று. மறுகாலில் கைவைத்தால் கீழே இருப்பவன் கதி என்ன என்று நீங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை பொறியாளர்களிடம் வாதாடியிருக்கிறீர்கள்! அதை வாசித்தபோது உங்கள் குரலே கேட்டது.

இப்போது நீர் வெளியேறும் இடம் பல்லார்ட் என்ற பகுதியில் இருக்கிறது. போன மாதம் அதைப் பார்ப்பதற்காகவே போனேன். இரண்டு பெரிய கதவுகளுக்கு நடுவே படகுகளை நிறுத்தி, நீரை ஏற்றியோ இறக்கியோ, ஏரி மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் மாற்றி அனுப்புகிறார்கள். பக்கத்திலேயே சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஏறி வர 21 படிகள் கட்டி, அவற்றின் மேல் நீரை வழியவிட்டிருக்கிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் முழங்கை நீளமுள்ள மீன் ஒன்று நீரோட்டத்தை எதிர்த்து, முன்னே போகாமலும் பின்னே போகாமலும், வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. பத்து நிமிடம் பார்த்தேன். திடீரென்று ஒரு துள்ளல், ஆளைக் காணோம்.

உங்களுக்கு வியப்பாக இருக்கப்போவது வேறொன்று. நாம் மழைக்காலத்தில் குளத்தை நிரப்பப் பாடுபடுவோம். இவர்களோ மழைக்காலமான குளிர்காலத்தில் ஏரியைச் சுமார் இரண்டு அடி இறக்கி வைத்து, கோடைக்கு முன்னால் மறுபடி ஏற்றுகிறார்கள். புயல் அலைகள் கரையையும் படகுத்துறைகளையும் சேதப்படுத்தாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

ஏரியைக் கடந்து சியாட்டிலுக்குப் போகும் பாலங்களுக்கு நடுப்பகுதியில் தூண்களே இல்லை. ஏரி 200 அடிக்கு மேல் ஆழம், அடியிலோ சேறு. ஆகவே உள்ளே காலியாக விட்ட பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக மிதக்கவிட்டு, நங்கூரக் கம்பிகளால் இழுத்துக் கட்டி, மேலே சாலை போட்டிருக்கிறார்கள். தெப்பத் திருவிழாவில் சுவாமி வலம் வருகிற தெப்பம்தான். அங்கே தெப்பம் நகரும், இங்கே அதன் மேல் லாரி நகர்கிறது. 1940-இல் திறந்த முதல் பாலம் 1990-இல் பழுதுபார்ப்பின்போது, பெட்டிகளுக்குள் தண்ணீர் சேர்ந்து மூழ்கிவிட்டதாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, காற்று அடிக்கும் நாளில் பேருந்து பாலத்தில் ஏறியதும் நான் புத்தகத்தை மூடிவிடுகிறேன்.

என் அலுவலகம் நகர மையத்தில் பதினான்காம் மாடியில் இருக்கிறது. 2024 ஏப்ரலில் திறந்த ரயிலில் இரண்டே நிறுத்தம். ரயில் ஒரு பெரிய சதுப்பு நிலத்தின் ஓரமாகப் போகிறது. ஏரி இறங்கியபோது நீரிலிருந்து வெளிப்பட்ட நிலம் அந்தச் சதுப்பில் நிறைய உண்டு. இந்தக் கட்டடங்கள் நிற்கும் ஊர் ஒரு காலத்தில் ஸ்ட்ராபெரித் தோட்டங்களுக்குப் பேர்போனது. காட்டை வெட்டி அடிமரங்களைப் பெயர்த்து நிலத்தைத் திருத்தியவர்களில் பலர் ஜப்பானியர். 1925 முதல் ஆண்டுதோறும் ஸ்ட்ராபெரித் திருவிழா நடந்தது. 1942-இல் போரைக் காரணம் காட்டி அந்தக் குடும்பங்களை முகாம்களுக்கு அனுப்பினார்கள், திருவிழாவும் நின்றது. பலர் திரும்பி வரவே இல்லை. வயல் மனையாவது தென்காசியில் மட்டும் நடப்பதில்லை, அப்பா.

அடுத்த பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். செப்டம்பரில் எங்கள் குழுவில் பதினொரு பேரில் நான்கு பேரை நிறுத்திவிட்டார்கள். காலையில் மின்னஞ்சல், மதியத்துக்குள் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என்னுடைய விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அடுத்ததைத் தேட 60 நாட்கள்தான் அவகாசம். ஆகவே மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே வைத்திருக்கிறேன். வீட்டுக்கு அனுப்புவது சென்ற மாதம் குறைந்தது அதனால்தான். வேறு காரணம் இல்லை.

மலையைப் பற்றி எழுதாவிட்டால் குறைப்பட்டுக்கொள்வீர்கள். தெற்கே ரெய்னியர் என்ற பனிமலை, 4,392 மீட்டர். நம் அகத்தியர் மலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மேகமில்லாத நாளில் இவ்வூர்க்காரர்கள் "இன்று மலை வெளியே வந்திருக்கிறது" என்கிறார்கள், ஏதோ மலை வீட்டுக்குள் இருந்து வெளியே வந்ததுபோல. இந்த மாதத்தில் அது வெளியே வருவது அபூர்வம். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மழை என்றால் சென்னையைவிட ஆண்டு அளவில் குறைவுதான். ஆனால் கொட்டித் தீர்க்காமல் நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கிறது. இதற்கு இவர்களிடம் ஏழெட்டுச் சொற்கள் உண்டு. நம் "சாரல்" என்ற ஒன்றுக்கு எதுவும் ஈடாகவில்லை. குற்றாலச் சாரலில் காற்றும் வெயிலும் கலந்திருக்கும். இதில் குளிர் மட்டும்தான்.

கருவி அளவெடுக்க டாக்டரிடம் எந்தத் தேதியில் போகிறீர்கள் என்பதை எழுதுங்கள், பணம் அனுப்பிவிடுகிறேன். அங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டதா? பெரிய குளம் எத்தனை அடி நிற்கிறது? மறுகால் பாய்ந்தால் எந்த நாளில் என்பதையும் குறித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்