நடுவர் சங்க ஆண்டறிக்கை: இந்த வருஷம் பேக்ரவுண்ட் செக் பத்தி

தலைவர், பொருளாளர், கமிட்டி மெம்பர்ஸ், வந்திருக்கற சீனியர் ஜூனியர் நடுவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வழக்கமா ஆண்டறிக்கைன்னா எந்தெந்த டோர்னமென்ட்டுக்கு ஆள் அனுப்பினோம், யாரு கிரேடு எக்ஸாம் பாஸ் பண்ணாங்க, ரூல்ஸ் கிளினிக் எப்படி போச்சுன்னு வாசிச்சுட்டு உக்காந்துடுவோம். அதெல்லாம் தனி ஷீட்ல போட்டு உங்க கையில குடுத்தாச்சு, வரவு செலவை எனக்கப்புறம் பொருளாளர் வாசிப்பாரு. ஃபிட்னஸ் டெஸ்ட் நல்லபடியா முடிஞ்சுது, கிளினிக்குக்கு கூட்டம் போன வருஷத்தைவிட ஜாஸ்தி, அவ்வளவுதான் அதுல சொல்ல இருக்கு. மீதி நேரம் முழுக்க நான் பேசப்போறது பேக்ரவுண்ட் செக் பத்தி, அதாவது ஒருத்தர் மேல பழைய கேஸ், புகார் ஏதாவது இருக்கான்னு விசாரிச்சுப் பாக்கறது பத்தி, ஏன்னா இந்த வருஷம் நம்ம சங்கத்துல நடந்த சண்டை, மனவருத்தம், ராத்திரி பதினோரு மணி போன் கால் எல்லாமே அதைச் சுத்திதான் நடந்துச்சு.

விஷயம் எல்லாருக்கும் தெரியும். 18 வயசு தாண்டின எந்த நடுவரும், லைன்ஸ்மேனா இருந்தாலும் சரி டேபிள்ல ஸ்கோர் எழுதறவரா இருந்தாலும் சரி, செக் கிளியர் ஆகாம மேட்ச் போஸ்டிங் கிடையாதுன்னு மேலிடம் சொல்லிடுச்சு, நாமளும் ஸ்பெஷல் மீட்டிங் போட்டு அதை ஏத்துக்கிட்டோம். அந்த மீட்டிங்ல ஒரு சீனியர் எழுந்து, இத்தனை வருஷம் வெயில்லயும் மழையிலயும் விசில் ஊதினவன்கிட்ட இப்ப வந்து நீ யாருன்னு கேக்கறீங்களேன்னு கேட்டாரு. அவர் குரல் தழுதழுத்துச்சு, ஹால்ல யாரும் பேசல. அவரோட வருத்தம் நியாயமானது, அதை நான் லேசா எடுத்துக்கல. ஆனா அதே வருத்தத்துக்குள்ளதான் பதிலும் இருக்கு. அவரை நமக்குத் தெரியும், மேட்ச் ஆட வர்ற பன்னெண்டு வயசுப் பிள்ளையோட அம்மாவுக்குத் தெரியாது. அந்தம்மாவுக்கு தெரிஞ்சதெல்லாம் நம்ம சங்கத்தோட பேட்ஜ்தான், அந்த பேட்ஜை நம்பித்தான் பிள்ளையை கிரவுண்டுல விட்டுட்டு போறாங்க. சீனியருக்கு ஒரு சட்டம் புதுசா வர்றவனுக்கு ஒரு சட்டம்னு வெச்சா அந்த நம்பிக்கைக்கு என்ன மதிப்பு இருக்கு. அதனாலதான் முதல் ஃபார்ம் தலைவரோடதாவும் ரெண்டாவது என்னோடதாவும் போகணும்னு அன்னிக்கே முடிவு பண்ணோம், போச்சு. எழுந்து பேசின அந்த சீனியர் மறுவாரமே வந்து அவரோட ஃபார்மை குடுத்துட்டு போனாரு, அவருக்கு இந்த இடத்துல நன்றி சொல்லணும்.

கோச் பிள்ளைங்களோட தினமும் இருக்கறான், நாம மேட்ச்சுக்கு வந்தோம் ஊதினோம் போனோம், நமக்கு எதுக்கு செக்குன்னு நிறைய பேர் கேட்டீங்க. நம்ம வேலையை கொஞ்சம் உத்துப் பாருங்க. ட்ரெஸ்ஸிங் ரூம் பல கிரவுண்டுல ஒண்ணுதான், பிள்ளைங்க மாத்தற இடத்துலதான் நாமளும் ஷூ கழட்டறோம். அதைவிட முக்கியம், நம்ம சங்கத்துலயே 18 முடியாத ஜூனியர் நடுவர்கள் இருக்காங்க. பதினஞ்சு பதினாறு வயசுப் பையன், பொண்ணு, வண்டி கிடையாது, சீனியர் யாராவது தன்னோட வண்டியில கூட்டிட்டு போவாரு, மேட்ச் முடிஞ்சு இருட்டினப்புறம் திருப்பி கொண்டுவந்து விடுவாரு, அடுத்த வாரம் யாருக்கு எந்த மேட்ச்சுன்னு முடிவு பண்றவரும் சில நேரம் அதே ஆளா இருப்பாரு. மேட்ச் வேணும்னா அவரை பகைச்சுக்க முடியாது. ஒரு பெரியவருக்கு ஒரு சின்ன ஆள் மேல இவ்வளவு பிடி இருக்கற இடம் கோச்சிங்ல மட்டும் இல்ல, நம்மகிட்டயும் இருக்கு. ஆடற பிள்ளைங்களைப் பத்தி யோசிச்ச அளவுக்கு நம்ம ஜூனியர்களைப் பத்தி இதுவரைக்கும் எந்த அறிக்கையிலயும் யாரும் எழுதல, அதான் இதை இவ்வளவு விரிவா எழுதறேன்.

இது நம்ம சங்கம் புதுசா கிளப்பின விஷயமும் கிடையாது. இங்கிலாந்துல 2012 கடைசியில ரெண்டு பழைய அமைப்பை சேர்த்து, குற்றப் பதிவைப் பாத்து சொல்றதுக்குன்னே டிபிஎஸ்னு ஒரு அரசு அமைப்பை உருவாக்கினாங்க, பிள்ளைங்களோட வேலை செய்யற வாலன்டியரோட செக் அது வழியாத்தான் போகுது. அயர்லாந்துல பிள்ளைங்களோட வேலை செய்ய வர்றவங்களோட பின்னணியை பாக்கணும்ங்கற வெட்டிங் சட்டம் 2016 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. அமெரிக்காவுல 2018 பிப்ரவரியில சேஃப் ஸ்போர்ட் சட்டம் வந்துச்சு, பிள்ளை மேல கொடுமை நடக்குதுன்னு சந்தேகம் வந்தா 24 மணி நேரத்துக்குள்ள சொல்லியே ஆகணும்னு அதுல இருக்கு, அங்க கால்பந்துல 18 தாண்டின ரெஃப்ரிக்கும் செக் கட்டாயம். இந்தியாவுல பிள்ளைங்களை பாலியல் குற்றத்துலருந்து காக்கற போக்சோ சட்டத்தோட 2020 விதிகள்ல ஸ்கூல், காப்பகத்தோட சேர்த்து விளையாட்டு அகாடமியையும் பேர் சொல்லியே எழுதி, ஸ்டாஃப் எல்லாருக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருதரம் போலீஸ் வெரிஃபிகேஷனும் பேக்ரவுண்ட் செக்கும் பண்ணணும்னு வெச்சிருக்காங்க. ஆனா மேட்ச்சுக்கு மேட்ச் வந்துட்டு போற நடுவர் யாரோட ஸ்டாஃப்? அகாடமியை கேட்டா சங்கம்பாங்க, சங்கத்தை கேட்டா டோர்னமென்ட் நடத்தறவங்கம்பாங்க. அந்த சந்துல யாரும் கேக்காம நுழைஞ்சுடலாம், அதை அடைக்கற பொறுப்பு நம்மளோடதுதான்னு நான் நினைக்கறேன்.

இப்ப செக் எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன். ஃபார்ம்ல பொறந்தப்ப வெச்ச பேரு, இப்ப இருக்கற பேரு, இடையில மாத்தினது, கல்யாணத்துக்கு அப்புறம் மாறினது, பழைய அட்ரஸ் எல்லாம் கேட்டோம். இது என்ன ஜாதகம் எழுதற மாதிரின்னு சிலபேர் சலிச்சுக்கிட்டீங்க. இங்கிலாந்துல சோஹம்ங்கற ஊர்ல 2002-ல ரெண்டு பத்து வயசுப் பொண்ணுங்களை ஒரு ஸ்கூல் கேர்டேக்கர் கொன்னான். அவன் மேல வேற ஒரு பகுதி போலீஸ்ல ஏற்கனவே பல புகார் இருந்துச்சு, ஆனா செக் போனது அவனோட அம்மா வழிக் குடும்பப் பேர்ல, பழைய புகார் எதுவும் வேலை குடுத்த ஸ்கூலுக்கு வந்து சேரவே இல்ல. பின்னாடி அதுக்குன்னே ஒரு விசாரணை வெச்சாங்க, அதுலருந்துதான் அங்க சட்டமே மாறுச்சு. ஃபார்ம்ல ஒரு கட்டத்தை காலியா விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

ரிப்போர்ட்டை யார் பாக்கறாங்கங்கறதுதான் உங்க பெரிய பயமா இருந்துச்சு, அது சரியான பயம். ரிப்போர்ட் என்கிட்ட வர்றதில்ல, எனக்கு வர்றது பேரு, தேதி, கிளியர் அல்லது பெண்டிங், அவ்வளவுதான். முழுசா பாக்கறது பிள்ளைங்க பாதுகாப்பை கவனிக்கற பாதுகாப்பு பொறுப்பாளரும், சங்கத்துக்கு வெளியிலருந்து போட்டிருக்கற ஒரு வக்கீலும் மட்டும். கமிட்டி மெம்பர் யாருக்கும் காட்டக்கூடாது, தலைவர் கேட்டாலும் கிடையாதுன்னு எழுதியே வெச்சிருக்கோம். முடிவு எடுத்தப்புறம் காப்பியை அழிச்சுடறாங்க. ஒருத்தருக்கு பெண்டிங் வந்தா அவர்கிட்ட முதல்ல ரிப்போர்ட்டோட நகலை குடுக்கணும், அவர் சொல்றதை கேக்கணும், அதுக்கப்புறம்தான் முடிவு.

அப்படி வந்ததுல ஒண்ணை ஆள் யாருன்னு தெரியாத அளவுக்கு, அவரோட அனுமதியோட சொல்றேன். ஒரு மெம்பருக்கு அதே பேர்ல இருக்கற இன்னொருத்தரோட கேஸ் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. பொறந்த தேதி வேற, ஆனா பேரு அப்படியே. அது தீர்ற வரைக்கும் அவருக்கு போஸ்டிங் இல்ல, கிரவுண்டுல பாக்கறவன் எல்லாம் என்னாச்சு என்னாச்சுன்னு கேக்கறான், வீட்டுல பெரிய மகன் ஏம்பா மேட்ச்சுக்கு போகலன்னு கேட்டிருக்கான். கைரேகை குடுத்து அது அவர் இல்லன்னு எழுத்துல வந்தப்புறம்தான் மனுஷன் நிமிர்ந்தாரு. செக் வேணும்னு அடிச்சுப் பேசற நான் இதையும் அதே அழுத்தத்தோட சொல்லணும், தப்பா ஒட்டின பேரை சீக்கிரம் பிச்சு எறியற வழி இல்லாத செக் அநியாயம். அதனால இனிமே பெண்டிங்ல இருக்கறவங்க பேரை போஸ்டிங் லிஸ்ட்ல தனியா காட்டறதில்ல, லீவ்ல இருக்கறவங்களோட சேர்த்துதான் போடறோம். இன்னொருத்தருக்கு சின்ன வயசுல நடந்த அடிதடி கேஸ், பிள்ளைங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, கேட்டாங்க, கிளியர் பண்ணாங்க, இப்ப நல்லா ஊதிக்கிட்டு இருக்காரு. எந்த மாதிரி குற்றத்துக்கு எப்பவுமே இடம் இல்ல, எதை காலம் பாத்து யோசிக்கலாம்னு ஒரு தாள் எழுதி வெச்சிருக்கோம், அதுல பிள்ளைங்க மேல நடந்த எந்த குற்றத்துக்கும் எத்தனை வருஷம் ஆனாலும் இடம் கிடையாது.

சிலபேர் ஃபார்ம் குடுக்காமலே விலகிட்டாங்க. விலகினவங்க எல்லாரையும் சந்தேகப்பட்டு யாரும் பேசாதீங்க, சிலருக்கு அது மானப் பிரச்சனை, சிலருக்கு வயசாச்சு, விட்டுடுங்க. ஆள் பத்தாம சில வாரக்கடைசி ரொம்ப கஷ்டமா போச்சு, ஒரே நடுவர் அடுத்தடுத்து மேட்ச் ஊதி காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்ததை நானே பாத்தேன். டோர்னமென்ட் நடத்தறவங்க போன் பண்ணி இந்த ஒரு நாள் மட்டும் செக் ஆகாத ஆளை அனுப்புங்க யாருக்கு தெரியப்போகுதுன்னு கேட்டாங்க. அனுப்பல. மேட்ச் தள்ளிப் போச்சு, திட்டு வாங்கினோம், அதுல எனக்கு வருத்தம் இல்ல.

ஆனா செக் கிளியர் ஆயிடுச்சு, இனிமே கவலை இல்லன்னு யாராவது நினைச்சா அதுக்குத்தான் நான் ரொம்ப பயப்படறேன். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் டீம் டாக்டர் லாரி நாசரை எடுத்துக்கோங்க. 2018 ஜனவரியில கோர்ட்ல 150 பேருக்கு மேல அவன் செஞ்சதை எழுந்து நின்னு சொன்னாங்க, 40 லேருந்து 175 வருஷம் தண்டனை. 2016-ல அவன் கைதாகற வரைக்கும் எந்த கேஸ்லயும் அவனுக்கு தண்டனை கிடையாது, அதுவரைக்கும் எந்த செக் போட்டிருந்தாலும் கிளியர்னுதான் வந்திருக்கும். பிள்ளைங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க, பெரியவங்கதான் கேக்கல. மாட்டினவன்தான் ரெக்கார்டுல இருப்பான், மாட்டாதவனை அது காட்டாது. செக்கை மட்டும் நம்பறது வாசலைப் பூட்டிட்டு கொல்லைக் கதவை திறந்து வெச்ச கதை.

அதனால செக்கோட சேர்த்து நடைமுறையும் கொண்டுவந்தோம். ஜூனியரை தனியா வண்டியில ஏத்தக்கூடாது, கூட இன்னொரு பெரியவர் இருக்கணும், இல்லன்னா வீட்டுக்காரங்க கொண்டுவந்து விடட்டும். 18 முடியாதவங்களுக்கு நேரடியா வாட்ஸ்ஆப் அனுப்பக்கூடாது, அப்பா அம்மா யாராவது இருக்கற க்ரூப்லதான் போஸ்டிங் பேசணும். மேட்ச் முடிஞ்சு ஜூனியரோட தப்பை எடுத்துச் சொல்றதா இருந்தா கிரவுண்டுலயே நாலு பேர் பாக்கற இடத்துல சொல்லுங்க, ரூமுக்குள்ள கூப்பிட்டு கதவை சாத்தாதீங்க. பிள்ளைங்க மாத்தும்போது நாம வெளிய நிக்கணும், போன் பைக்குள்ள இருக்கணும். போஸ்டிங் போடற வேலையை ஒருத்தர் கையிலருந்து எடுத்து மூணு பேர் கையில குடுத்திருக்கோம், அதுக்கு முதல்ல முணுமுணுப்பு இருந்துச்சு, இப்ப ஜூனியர்ஸ் கொஞ்சம் தைரியமா பேசறாங்கன்னு தெரியுது. புகார் ஒண்ணு வந்தா நாம உள்ளுக்குள்ள பஞ்சாயத்து பண்றதே கிடையாது, சம்பந்தப்பட்டவரை உக்காரவெச்சு கேக்கறதும் கிடையாது, நேரா போலீஸ், குழந்தை பாதுகாப்பு அதிகாரி, அதுக்கப்புறம் போஸ்டிங் நிறுத்தம். சங்கத்தோட பேரு கெட்டுடும்னு மூடி மறைக்கச் சொல்ற யாரோட பேச்சும் என் டேபிள்ல எடுபடாது.

வர்ற வருஷத்துக்கு மூணு தீர்மானம் வெக்கறேன். செக்கை ஒருதரம் பண்ணிட்டு மறந்துடாம ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும். அதுக்கான கட்டணத்தை மெம்பர்கிட்ட வாங்காம சங்கமே கட்டணும், ஏன்னா மேட்ச் ஃபீஸை நம்பி இருக்கற ஸ்டூடண்ட் நடுவர்களுக்கு அது பாரம், ரிசர்வ்ல இடம் இருக்குன்னு பொருளாளர் சொல்லியிருக்காரு. மூணாவது, ஜூனியர் நடுவர்கள்லருந்து ஒருத்தரும் பெற்றோர்லருந்து ஒருத்தரும் பாதுகாப்பு கமிட்டியில உக்காரணும். ஃபார்ம் இன்னும் குடுக்காதவங்க பாதுகாப்பு பொறுப்பாளர்கிட்டயே குடுங்க, என்கிட்டயோ வாட்ஸ்ஆப்லயோ அனுப்பாதீங்க. பொருளாளர் கணக்கு வாசிச்சு முடிச்சதும் தீர்மானம் ஓட்டுக்கு வரும், அதுக்கு முன்னாடி யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் மைக்கை வாங்கி கேளுங்க.