படிக்கட்டில் எரியாத ஐந்து விளக்குகள்

மதிப்பிற்குரிய நகர நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்து எங்கள் லைன் வீடுகளுக்கு இறங்கும் 112 படிகளை உங்களுக்கு நன்றாகவே தெரியும். அங்கே ஐந்து கம்பத்திலும் விளக்கு எரியவில்லை என்பதும் தெரியும், பொங்கலுக்கு முன்னாலிருந்து நான்கு தடவை புகார் கொடுத்திருக்கிறோம். கம்பம் ஈ.பி.யுடையது, பல்பு உங்களுடையது என்று ஆளாளுக்குச் சொன்ன கதையை மறுபடி எழுதப் போவதில்லை. அந்த ஐந்து விளக்கும் எரிய வேண்டும், அவ்வளவுதான்.

போன செவ்வாய் ராத்திரி எட்டரை மணி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா லாட்ஜில் அறைகளைக் கூட்டித் துடைத்து முடித்துவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். நல்ல மூடுபனி. ஒரு கையில் காய்ப் பை, இன்னொரு கையில் செல்போன் டார்ச், பால் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாராம். பனியில் டார்ச் அடித்தால் என்ன தெரியும்? வெள்ளைச் சுவர்தான் தெரியும். மூன்றாவது கம்பத்தடியில் புஸ்ஸென்று மூச்சுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், எட்டடியில் காட்டெருமை. அது பாவம், புல் மேய்ந்துகொண்டிருந்தது, ஒன்றும் செய்யவில்லை. இவர்தான் பதறித் திரும்பி ஏறும்போது, ஓரம் பெயர்ந்த 61ஆம் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கியபோது முதலில் கேட்டது, "பால் உடைஞ்சிருச்சா?" என்றுதான். இப்போது மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குத் துடைப்பம் பிடிக்க முடியாது, வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. சீசனில் நாலு காசு பார்க்கிற நேரம் இது.

மறுநாள் காலையில் என் போனுக்கு உங்கள் செய்தி வந்தது: புகார் தீர்க்கப்பட்டதாம். கூடவே ஒரு போட்டோ. அதில் விளக்கு பளிச்சென்று எரிகிறது, அடியில் இரண்டு பூந்தொட்டிகள். எங்கள் படியில் பூந்தொட்டி வைத்த புண்ணியவான் யாரென்று லைன் முழுக்க விசாரித்துவிட்டோம், யாருமில்லை.

எல்லாம் கெட்டுப்போச்சு என்று புலம்புகிற ஆள் இல்லை நான். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலைத் தடுத்து, தண்ணீர் ஏ.டி.எம். வைத்தது நல்ல காரியம். 2024 மே 7 முதல், மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. மறுவருஷம் உயர் நீதிமன்றம் சொல்லி, சீசனில் வார நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. சரி, நல்லதுதான். ஆனால் மலையேறும் வண்டிகளை இப்படிக் கணக்கு வைக்கிற காலத்தில், ஐந்து பல்பைக் கணக்கில் கொண்டுவர முடியவில்லையா? வியூ பாயின்டில் மரத்துக்கு மரம் சீரியல் லைட்டு. 'ஐ லவ்' என்று ஆளுயரத்துக்கு நிற்கிற எழுத்து விடிய விடியச் சிவப்பாக எரிகிறது, பனி இல்லாத ராத்திரியில் அந்தச் சிவப்பை வைத்துத்தான் நாங்கள் படி பார்த்து இறங்குகிறோம். மேலே லாட்ஜில், பள்ளத்தாக்கு தெரிகிற 'வேலி வியூ' அறைக்குத் தனி ரேட்டு. அந்தப் பள்ளத்தாக்கு எங்கள் கூரைகள்தான்! ராத்திரியில் கீழே மினுக் மினுக்கென்று அழகாக இருக்கிறதாம், விருந்தாளிகள் சொல்வார்களாம். அது நாங்கள் டார்ச் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவது ஐயா. அவர்கள் படுக்கிற விரிப்பைத் துவைத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களின் டார்ச்சும் அதில் இருக்கிறது.

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கேயோ போய்விட்டது.

விளக்கு எரிந்தால் காட்டெருமை வராது என்று நாங்கள் சொல்லவில்லை. அது நமக்கு முன்னால் குடிவந்தது. நிற்பது கண்ணுக்குத் தெரிந்தால் ஒதுங்கி நின்று, அது போனபின் இறங்குவோம், அந்தப் பழக்கம் எங்களுக்கு உண்டு. தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் தயவுசெய்து அந்த ஐந்து விளக்குகளையும் எரிய வையுங்கள். அப்புறம் முடிந்தால் 61ஆம் படிக்கு ஒரு சட்டி சிமெண்ட்.

ஆள் அனுப்பினால் ஏணி பிடிக்க நான் வருகிறேன். பகலிலேயே அனுப்புங்கள். ராத்திரிதான் முடியும் என்றால் கையில் டார்ச் கொடுத்து அனுப்பவும்.

இப்படிக்கு,
படிக்கட்டுக்குக் கீழே குடியிருப்பவன்