தைப்பூசம் வரைக்கும் அந்த ஷெட்டைக் காலி செய்யாதீர்கள்

அல்சூர், பெங்களூரு
மார்கழி 5

அம்மன் கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

கோயிலுக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருப்பவள் எழுதுகிறேன். அம்மன் பாவாடைக்கு ஜரிகை வைத்துத் தைப்பதும், பந்தல் துணி கிழிந்தால் ஒட்டுப் போடுவதும் நான்தான். கோயில் அண்டாக்கள் வைக்கிற பின்பக்க ஷெட்டில் குட்டி போட்டிருக்கிற தெருநாய் கெம்பியையும் அவள் குட்டிகளையும் இப்போது விரட்டாதீர்கள் என்று போன வெள்ளிக்கிழமை நேரிலேயே வந்து சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றீர்கள். பார்த்த லட்சணம் நேற்று விடியற்காலை தெரிந்துவிட்டது. அதனால் இந்த முறை எழுதி, தெருவே படிக்கட்டும் என்று கடை ஷட்டரிலும் ஒட்டுகிறேன்.

நேற்று நாலரை மணி இருக்கும், ஸ்பீக்கரில் இன்னும் பாட்டுப் போடவில்லை. உங்கள் பையன் ஒருவன் கோணிப்பையோடு பின்பக்க ஷெட்டுக்குள் போனான். கெம்பி உறுமுகிற சத்தம் கேட்டு நான் ஓடிவந்தேன். ஒரு கையில் குட்டி, இன்னொரு கையில் கோணி. குட்டிக்குக் கண் திறந்து மூன்று நாள்தான் ஆகிறது, கண்ணில் அந்த நீலப் படலம்கூடப் போகவில்லை. எங்கே கொண்டுபோவாய் என்று கேட்டதற்கு, "ஏரிப்பக்கம் விட்டுடச் சொன்னாங்கக்கா" என்றான். அவன் மணிக்கட்டில் கெம்பியின் பல் பட்டிருந்தது. குழாயடிக்குக் கூட்டிப்போய், துணி சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவவைத்து, ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூன்று வருஷமாக இந்தத் தெருவில் யாரையும் கடிக்காத நாய் அது. ஏன் கடித்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கெம்பி என்பது பால் பூத் கன்னடத்து அம்மா வைத்த பெயர், செவலை நிறம் என்பதால். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் ராத்திரி, உங்கள் அண்டாக்களுக்குப் பின்னால் ஆறு குட்டி போட்டாள். ஒன்று பிழைக்கவில்லை, ஐந்து இருக்கின்றன. இன்றைக்குப் பதினாறு நாள்.

பதினாறு நாள் குட்டியை ஏரிக்கரையில் விடுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றே நம்புகிறேன். அதற்குத் தானாக மூத்திரம்கூடப் போகத் தெரியாது. தாய் அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் போகும். மூன்று வாரம் வரைக்கும் இப்படித்தான். உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளவும் இன்னும் சரியாகப் பழகவில்லை. பிறந்த முதல் வாரத்தில் குட்டி கிடக்கிற இடம் 30 டிகிரியாவது இருக்க வேண்டும். மார்கழியில் நம் ஊர் விடியல் 15, 16 டிகிரி. நீங்களே மப்ளர் சுற்றிக்கொண்டுதான் பஜனைக்கு வருகிறீர்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடப்பதுதான் அந்த ஐந்துக்கும் மப்ளர். அட்டைப்பெட்டியில் என் கடை வெட்டுத் துணியைப் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுகிறேன். அது தாய்க்கு ஈடாகாது.

"யாராவது எடுத்துப் பால் ஊற்றி வளர்த்துப்பாங்க" என்று உங்களில் ஒருவர் சொன்னார். அந்த யாராவது ஒரு காலத்தில் நான்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் சாக்கடை ஓரத்தில் கிடந்த ஒரு குட்டியைத் தூக்கிவந்தேன். என் பிள்ளைகளுக்குப் புகட்டிய பாலாடை வீட்டில் இருந்தது. குட்டி சில்லிட்டுக் கிடந்தது. மடியில் மல்லாக்கப் போட்டு, பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆற்றி, குழந்தைக்குப் புகட்டுவது மாதிரியே புகட்டினேன். மூக்கு வழியாகப் பால் வந்தது. மறுநாள் மூச்சு இழுக்க ஆரம்பித்தது, அதற்கு அடுத்த நாள் போய்விட்டது. மருந்துக்காகப் போன இடத்தில் டாக்டர் சொல்லித்தான் நான் செய்தது அத்தனையும் தப்பு என்று தெரிந்தது. சில்லிட்ட குட்டிக்கு வயிறு வேலை செய்யாது, முதலில் சூடு ஏற்ற வேண்டும், அப்புறம்தான் பால். நாய்க்குட்டி குப்புறப் படுத்துத்தான் குடிக்கும், மல்லாக்கப் போட்டால் பால் நுரையீரலுக்குப் போகும். பசும்பாலில் அதற்கு வேண்டிய கொழுப்பும் புரதமும் போதாது, அதில் இருக்கிற சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். குட்டிக்கென்றே பால் பவுடர் இருக்கிறது, கண் திறக்காத குட்டி என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஐந்து குட்டிக்கு அதைச் செய்ய உங்களில் யார் கை தூக்குவீர்கள்? கெம்பி சம்பளம் கேட்காமல் செய்துகொண்டிருக்கிறாள்.

அவளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் பொங்கல் பிரசாதம் மீந்தால் தொன்னையோடு அவள் முன்னால் வைக்கிறீர்கள். நல்ல மனசுதான், வேண்டாம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நெய்யும் மிளகும் முந்திரியும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. இப்போது அவளுக்கு வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். மூன்றாவது நாலாவது வாரத்தில்தான் குட்டிகள் அதிகமாக உறிஞ்சும். நான் சோற்றில் கோழிக்கழுத்தை எலும்பில்லாமல் வேகவைத்துப் பிசைந்து, ஒரு முட்டையும் சேர்த்து, நாளைக்கு நாலு வேளை வைக்கிறேன், உப்புக் காரம் எதுவும் இல்லாமல். கோழிக்கழுத்து கோயில் வாசலுக்கு ஆகாது என்று எனக்கும் தெரியும். அதனால் உள்ளே கொண்டுவருவதில்லை, டிரான்ஸ்பார்மர் பக்கம் வைத்துக் கூப்பிடுகிறேன், வந்து தின்றுவிட்டுப் போகிறாள். தண்ணீர் மட்டும் ஷெட் கதவோரம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கால் விறைத்து, நாக்கு வெளியே தள்ளி, மூச்சு வாங்கினாள். குளிர் ஜுரம் என்றுதான் முதலில் நினைத்தேன். குட்டிகளுக்குப் பாலாகப் போய்ப்போய் அவள் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டதாம். ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய், நரம்பில் மருந்து ஏற்றிக் கூட்டிவந்தோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அந்த ஆட்டோவை ஓட்டியவர் உங்கள் கமிட்டியிலேயே இருக்கிறார், காசு வாங்கவில்லை. பெயர் போடாதே என்று சொல்லிவிட்டார்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2023 விலங்குக் கருத்தடை விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொன்னது. அந்த உத்தரவில் ரேபிஸ் வந்த நாய்க்கும் மூர்க்கமான நாய்க்கும்தான் விலக்கு இருந்தது. கண்ட இடத்தில் சோறு வைக்கக்கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. அது எனக்குச் சொன்னது, ஒத்துக்கொள்கிறேன். டிரான்ஸ்பார்மர் பக்கத்து மூலை சரியா என்று நீங்களும் மாநகராட்சிக்காரர்களும் பார்த்துச் சொல்லுங்கள், வேறு இடம் என்றால் வேறு இடம். ஆனால் கோணியில் கட்டி ஏரிக்குக் கொண்டுபோக எந்த உத்தரவும் இல்லை.

நாய் வைரவர் வாகனம் என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. தேய்பிறை அஷ்டமிக்கு வடைமாலை சாத்துகிற உங்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்தர்களைக் கடித்துவிடும் என்பதுதான் உங்கள் பயம். நியாயமான பயம்தான், சின்னப் பிள்ளைகள் வருகிற இடம். ஆனால் ஒன்று பாருங்கள். குட்டி மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைக்கும் யாரைப் பார்த்துப் பழகுகிறதோ, அவர்களிடம் பெரும்பாலும் பின்னாலும் பயப்படாது. பயப்படாத நாய் சீக்கிரத்தில் கடிக்காது. அந்த நாட்களில் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்கிறது. இந்த ஐந்தையும் இப்போது விரட்டினாலும், உங்கள் தொன்னைக் குப்பை அந்த மூலையில் கிடக்கிற வரைக்கும் பக்கத்துத் தெரு நாய்கள் வரத்தான் செய்யும். அவற்றுக்கு ஊசி போட்டார்களா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? கெம்பிக்குப் போட்ட சீட்டு என் கல்லாவில் இருக்கிறது.

நான் கேட்பது தைப்பூசம் வரைக்கும் அவகாசம். அதற்குள் குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகிவிடும், பால் மறந்து சோறு தின்னும். பூச்சி மருந்து இரண்டாவது வாரத்திலேயே ஒரு தரம் கொடுத்துவிட்டேன், இனி இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் எட்டாவது வாரம் வரைக்கும். ஆறு எட்டு வாரத்தில் பார்வோ என்கிற குடல் நோய்க்கும் மற்றதுக்கும் சேர்த்து முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. பார்வோ வந்தால் ரத்தமாகப் போய்க் கொத்தாகச் செத்துவிடும், கிருமியும் மாதக்கணக்கில் அந்த மண்ணிலேயே கிடக்கும். அதனால் அதுவரை வேறு நாய் முகர்ந்த செருப்போடு ஷெட்டுக்குள் போகாதீர்கள். இரண்டு குட்டிக்கு வீடு பேசிவிட்டேன், ஒன்று மர்பி டவுனில், ஒன்று என் வாடிக்கையாளர் வீட்டில். மற்ற மூன்றுக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கெம்பிக்குப் பால் வற்றியதும் மாநகராட்சி வண்டிக்குச் சொல்லிக் கருத்தடை செய்துவிட்டால், அடுத்த கார்த்திகைக்கு இந்தக் கடிதத்தை நான் திரும்ப எழுத வேண்டியிருக்காது.

பொங்கலுக்கு அண்டா வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஷெட் சாவியைப் பையன் நேற்று என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனான். பெரிய அண்டா இரண்டு, குண்டான் நாலு, கரண்டிகள், ஜமக்காளம் என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது வேண்டுமென்றால் போகிக்கு முந்தின நாள் சொல்லுங்கள். கெம்பி சாப்பிட வெளியே வருகிற நேரம் பார்த்து நானே எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, மடப்பள்ளி வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
எதிர்க் கடை தையல்காரம்மா