தொப்புள் சிரையைப் பற்றியும் எழுதித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 17, உலகக் குறைமாதக் குழந்தைகள் நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை மூச்சுத்திணறல், நோய்த்தொற்று, தாய்ப்பால் ஆகியவற்றைத் தெளிவாக விளக்கியிருந்தது. இக்குழந்தைகளின் இரத்த உறைவுச் சிக்கலை, அதிலும் தொப்புள் சிரையின் அமைப்பு மாறிப் பிறக்கும் குழந்தைகளின் நிலையை அது தொடவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தைக்குக் கல்லீரல் முதிர்ந்திராது; இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் குறைவாகவே இருக்கும். பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடுவது இதற்காகத்தான். ஆனால் உறைவைக் கட்டுப்படுத்தும் ஆன்டித்ராம்பின், புரதம் சி ஆகியவையும் அதே அளவுக்குக் குறைந்திருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரு தட்டிலும் எடை குறைந்த தராசு சிறு தொடுதலுக்கும் சாய்வதுபோல, ஒரே குழந்தைக்கு மூளையில் இரத்தக் கசிவும் சிரையில் உறைந்த இரத்தக் கட்டியும் ஏற்படக்கூடும்.

கருவில் நஞ்சுக்கொடியிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவருவது தொப்புள் சிரை. அதில் ஒரு பகுதி கல்லீரலுக்குள், குடலிலிருந்து அங்கே இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் இடது கிளையில் கலக்க, மீதி டக்டஸ் வீனோசஸ் என்ற குறுக்கு வழியாக இதயத்தை நோக்கிச் செல்கிறது. சில குழந்தைகளுக்கு இச்சிரை வயிற்றுக்குள் வீங்கியிருக்கும். சிலருக்கு இடப்பக்கத்துச் சிரைக்குப் பதில் வலப்பக்கத்துச் சிரை நிலைத்துவிடும். அரிதாக அந்தக் குறுக்கு வழியே இராது. வீங்கிய இடத்தில் இரத்தம் சுழன்று தேங்குவதால் கட்டி உருவாகும் வாய்ப்புண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்து செலுத்த இதே சிரைக்குள்தான் மெல்லிய குழாயை ஏற்றுகிறோம். பாதை மாறியிருந்தால் குழாயின் முனை இதயத்தருகே சேராமல் கல்லீரலிலேயே நின்றுவிடலாம்; அங்கே கட்டி படிவது எளிது.

இக்கட்டிகளில் பல தாமாகவே கரைந்துவிடும் என்பதால் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. கரையாமல் போர்ட்டல் சிரை அடைபட்டுப்போன குழந்தைதான் என் கவலை. சில ஆண்டுகள் நன்றாக வளர்ந்த அப்பிள்ளை, அடைப்பால் அழுத்தம் கூடி உணவுக்குழாய்ச் சிரைகள் வீங்கி வெடிக்க, ஒருநாள் திடீரென இரத்த வாந்தி எடுக்கும். மண்ணீரல் பெருத்துத் தட்டணுக்கள் குறைந்திருப்பதைக் கண்டு, இரத்தப் புற்றுநோயோ என்று எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை வரை போவதும் உண்டு. பிறந்தபோது தொப்புளில் குழாய் போட்டார்களா என்று கேட்டால் தாய்க்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிகிச்சை அளிக்கப்பட்டது' என்பதற்கு மேல் எதுவும் இராது. இந்த அடைப்புக்குக் காரணம் தெரியாமலே போகும் குழந்தைகளும் பலர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தெரிந்த காரணத்தையாவது எழுதி வைக்கலாமே!

கர்ப்பகால ஸ்கேனில் தொப்புள் சிரை பற்றி எழுதப்படும் குறிப்பு மகப்பேறு மருத்துவரின் கோப்போடு நின்றுவிடாமல், பிரசவத்துக்கு முன்பே பச்சிளங்குழந்தை மருத்துவரிடம் சேர வேண்டும். குழாய் போடப்பட்டதா, எத்தனை நாள் இருந்தது, முனை எங்கே நின்றது, ஏற்றுவதில் தடை இருந்ததா என்ற விவரங்களை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவதை மக்கள் நல்வாழ்வுத் துறை தனியார் மருத்துவமனைகளுக்கும் சேர்த்துக் கட்டாயமாக்க வேண்டும். சிரையமைப்பு மாறியிருந்த, அல்லது குழாய் கல்லீரலில் நின்றுவிட்ட குழந்தைகளுக்கு மட்டுமேனும் வீடு திரும்புவதற்கு முன் இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடலாம். படுக்கையருகிலேயே எடுக்கக்கூடிய இந்த ஸ்கேனுக்கு ஊசியோ மயக்க மருந்தோ தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தைகள் நல மருத்துவர்,
திருநெல்வேலி.