தாத்தாவின் கோட்டு கேட்டு ஒரு கடிதம்

புதுச்சேரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்கு இந்நேரம் நாலு முறை திட்டியிருப்பாய், சரி. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் தனியாகவே மாடி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த மாடியில் உனக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மகள் விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது விஸ்காம், கடைசி வருஷம். ஆறு பேர் சேர்ந்து இருபது நிமிஷப் படம் எடுக்க வேண்டும், அதற்குத்தான் மார்க்கு. கறுப்பு வெள்ளையில் ஒரு கொலைக் கதை, நுவார் என்கிறார்கள். இயக்குநர் பையன் வில்லியனூர்க்காரன். ஆள் ஒல்லி, பேச்சு மட்டும் கனம். "அங்கிள், நுவார்னா பிரெஞ்சுல கறுப்பு. 1946-ல நீனோ ஃபிராங்க்னு ஒரு விமர்சகர், அமெரிக்கப் படங்களைப் பாத்துட்டு பிரான்ஸ்ல உக்காந்து வச்ச பேரு. அப்போ இதை எடுக்கிற உரிமை முதல்ல பாண்டிச்சேரிக்குத்தானே?" என்றான். இந்த வாய்க்காகவே அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். டம்ளர் காலியாவதற்குள் பிராப்பர்ட்டி, காஸ்ட்யூம் இரண்டும் அங்கிள் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது. தேவனாம்பட்டினம் கல்லூரியில் நாம் நாடகம் போட்ட கதையெல்லாம் மகள் முன்கூட்டியே அவிழ்த்துவிட்டிருக்கிறாள்.

கதை நடப்பது 1954-இல். அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரன் அதிகாரத்தைக் கைமாற்றினான். நடுவில் இரண்டு வாரம் இருக்கிறதல்லவா, அதற்குள் நடக்கிறது. பாண்டிச்சேரி சுங்க அலுவலகக் குமாஸ்தா ஒருவன், ஒரு கணக்கு நோட்டோடு காணாமல் போகிறான். அவனைத் தேடிக் கடலூரிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா வருகிறான். யார் கொன்றார்கள் என்று கேட்காதே, அதில் பசங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. எனக்குப் பிடித்தது அந்த இரண்டு வாரம்தான். ஒரு சர்க்கார் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்தது இன்னும் வாசலுக்கு வரவில்லை. பயப்பட வேண்டியது யாருக்கு என்றே எவனுக்கும் தெரியாது.

முதல் நாள் அவர்கள் நீட்டிய பட்டியலைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முட்டி வரைக்கும் தொங்கும் நீளக் கோட்டு, விளிம்பு வைத்த தொப்பி, துப்பாக்கி, சுருட்டு, கதாநாயகிக்குக் கவுன். "தம்பி, நம்ம ஊர் புழுக்கத்துல இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு கடற்கரை ரோட்டுல நடந்தா, கொலைகாரன் தேவையில்ல, அவனே விழுந்துடுவான்" என்றேன். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அவன் கேட்டது கோட்டையும் தொப்பியையும் இல்லை, முகத்தில் விழுகிற நிழலை. அதை இந்த ஊரிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அக்டோபர் கடைசி என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழை. மழை என்றால் குடை. முத்தியால்பேட்டையில் என் மச்சான் வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தது. மரத்தண்டு, வளைந்த பிரம்புக் கைப்பிடி, பருத்தித் துணி. கறுப்பு வெளுத்துச் செம்பட்டை பாய்ந்திருந்தது. ஒரு கம்பி வளைந்துபோய் அந்தப் பக்கம் மட்டும் துணி தாழ்ந்து தொங்கும். ராத்திரி மொட்டை மாடியில் ஒரே ஒரு பல்பைப் போட்டு, பையன் கையில் குடையைக் கொடுத்து நிற்க வைத்தோம். முகவாய் வரைக்கும் இருட்டு. குடையை லேசாகப் பின்னால் சாய்த்தான், ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. வளைந்த கம்பிப் பக்கம் இன்னொரு கண் இருட்டிலேயே நின்றுவிட்டது. கேமரா பிடிக்கிற பெண் "ஐயோ" என்றாள். அதற்குப் பிறகு தொப்பியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நம் வீட்டு மூன்று மடிப்பு நைலான் குடையையும் பிடிக்க வைத்துப் பார்த்தோம். அதன் பளபளப்பில் விளக்கு அப்படியே தெரிகிறது, பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி இருந்தான்.

வாடகைக் கேமரா பாதிப் பணத்தைத் தின்றுவிட்டதால் மற்ற சாமான்களுக்குச் சண்டே மார்க்கெட்தான் கதி. காந்தி வீதியில் ஞாயிறுதோறும் எப்படிக் கடை விரிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அங்கே ஒரு பழைய கோட்டு கிடைத்தது. எழுநூறு ரூபாய் சொன்னார், முந்நூற்றைம்பதுக்குக் கொடுத்தார். அளவெல்லாம் சரிதான், ஆனால் போட்டதும் பையன் கல்யாண வரவேற்பில் நிற்கிறவன் மாதிரி ஆகிவிட்டான். துணியில் பாலியெஸ்டர் மினுக்கு. அந்தக் காலத்தில் ஏது அது? டெரிலினே நம் பக்கம் வந்தது அறுபதுகளில். சரி, முடிந்தவரை பழசாக்குவோம் என்று முழங்கையிலும் காலரிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அப்புறம் கோட்டை நனைத்து, இரண்டு பாக்கெட்டிலும் கூழாங்கல் நிரப்பிக் கொடியில் இரண்டு நாள் தொங்கவிட்டேன். கனத்தில் பாக்கெட் தொய்ந்து, வாய் திறந்தபடி காய்ந்துவிடும். அதைப் பார்த்தால் அதற்குள் எத்தனையோ வருஷம் கை போய் வந்த மாதிரி தோன்றும். வெள்ளைச் சட்டைகளுக்கு வேறு வைத்தியம். அப்படியே போட்டால் விளக்கு வெளிச்சத்தில் ட்யூப்லைட் மாதிரி அடிக்கும். டீ டிக்காஷனில் முக்கி எடுத்தால் சாந்தமாகிவிடும். இரண்டு நாளாக வீட்டில் குடிக்க டீ இல்லை, பக்கெட்டில் மட்டும் இருந்தது. என் மனைவி என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

இப்போது சிவப்புத் தொப்பிக் கதையைக் கேள். பாண்டிச்சேரி போலீஸ் என்றால் கெப்பி இல்லாமல் முடியுமா? பிரெஞ்சுக்காரன் போய் இத்தனை வருஷமாகியும் அது மட்டும் போகவில்லை. நேரு வீதியில் நாலு கடை ஏறி இறங்கி, அசல் சிவப்பு எது என்று போன் படத்தோடு ஒப்பிட்டு, இரண்டு மணி நேரம் செலவழித்தோம். காலண்டர் அட்டையை வட்டமாக வளைத்து ஒட்டி, மேலே துணி இழுத்து, முன்னால் ரெக்சினில் ஒரு மூக்கு வைத்துத் தைத்தேன். தைக்கும்போது ஊசி இரண்டு உடைந்தது. முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. கேமராப் பெண் போனைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக் காட்டினாள். கரிக்கட்டை! ஊரே அடையாளம் சொல்லும் சிவப்பு, படத்தில் வெறும் இருட்டு. கட்டில் அடியில் கிடந்த பழைய கறுப்புப் பாவாடைத் துணியே போதுமாக இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து எந்தத் துணி எடுத்தாலும் முதலில் போன்தான். கதாநாயகிக்கு, அதாவது காணாமல் போனவன் மனைவிக்கு, கவுன் வேண்டாம், மெல்லிய வாயில் துணிப் புடவைதான் என்று முடிவான பிறகு, மகள் அம்மா பீரோவிலிருந்து ஏழெட்டு எடுத்துப் போட்டாள். அரக்கும் ஆலிவ் பச்சையும் நேரில் பார்த்தால் ஜென்மப் பகை, படத்தில் இரண்டும் ஒரே சாம்பல். மாம்பழ மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடுகிறது. நிறம் போய்விட்டால் கரைதான் பேசும், பிறகு துணியின் மடிப்பு. பெரிய கரை போட்ட ஒரு பழைய புடவையைத் தேர்ந்தெடுத்தோம். முழங்கை வரை கை வைத்த ரவிக்கை தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சாமான்களில் காலம் தப்புவதுதான் பெரிய தலைவலி. ஒரு பையன் அப்பாவின் எச்.எம்.டி. வாட்சை ஆசையாகக் கொண்டுவந்தான். அந்தக் கம்பெனி ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியதே 1961-இல் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். "யாருக்குத் தெரியப் போகுது அங்கிள்?" என்றான். உன்னை மாதிரி ஒருத்தன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான், அவனுக்குத் தெரியும் என்றேன். ரூபாய் நோட்டும் அப்படித்தான். அன்றைக்கு இங்கே புழங்கியது இந்தோசீனா வங்கி அச்சடித்த ரூபாய். நம் காந்தி நோட்டைக் கட்டாக வைத்தால் கதை கந்தல். அச்சு அசலாக நோட்டு அடிக்கப் போனால் அது வேறு கதையாகிவிடும். அதனால் பணத்தைக் காகிதத்தில் சுற்றிச் சணல் கட்டிவிட்டோம். பொட்டலத்தின் கனத்தை நடிகன் கையில் காட்டினால் போதும். டைப்ரைட்டரில்தான் ஏமாறப் பார்த்தேன். ரெமிங்டன் ஒன்று இரவல் கிடைத்தது. மேல் வரிசையில் கியூ, டபிள்யூ என்று தொடங்குகிறது. பிரெஞ்சு ஆபீசில் இருந்தால் ஏ, இசட் என்றுதான் தொடங்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தது என் மகள். எனக்குத் தோன்றவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இப்போது சாவிகளைக் காட்டாமல், சுத்தியல் எழுந்து தாளில் அடிக்கிற இடத்தை மட்டும் எடுக்கப் போகிறார்கள்.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் இல்லை. பொம்மைத் துப்பாக்கிக்குக் கறுப்பு அடித்து, பென்சில் கரியைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் இரும்பு மாதிரியே மினுங்குகிறது. அதனாலேயே பயம். தெருவில் எடுத்து நீட்ட வேண்டாம், மேசை டிராயர் பாதி திறந்திருக்கும்போது உள்ளே கிடந்தால் போதும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அது சிவப்புச் சாயத்தைவிட நன்றாக நிற்கிறது. எறும்புதான் பிரச்சினை. சுருட்டு வேண்டாம் என்றாகி, புகைக்குச் சாம்பிராணி. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த வெள்ளை நகரத்தில் தெரிந்தவர் வீட்டில் ஒரு ராத்திரி கிடைத்திருக்கிறது. பழைய மரச்சட்டம் வைத்த சன்னல், வெளியிலிருந்து விளக்கடித்தால் சுவரெல்லாம் கோடு கோடாக விழும். சாம்பிராணிப் புகை எழுந்ததும் அந்தக் கோடுகள் அந்தரத்திலேயே நிற்கும். வெள்ளிக்கிழமை வாசனையில் கொலை நடக்கப் போகிறது.

போன வாரம் உன் ஊருக்கு வந்தேன், உன்னைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய மேசை விளக்கு வாங்க வந்தவன், பையிலிருந்த பிராந்தி பாட்டிலை எடுத்து வைக்க மறந்துவிட்டேன். உள்ளே டிக்காஷன், படத்துக்கு நிரப்பியது. வழியில் பையைச் சோதித்த காவலர் முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார். "என்னய்யா இது, டீயா?" என்றார். ஆமாம் சார் என்றேன். பாண்டிச்சேரியிலிருந்து கடலூருக்கு டீ கடத்திய ஒரே ஆள் நான்தான். அவர் சிரித்து அனுப்புவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. உனக்குத் தெரிந்தால் தெருவுக்கே சொல்வாய் என்றுதான் வரவில்லை.

இனி உன் மாடி. நம் நாடகச் சாமான் டிரங்குப் பெட்டி என்னிடம் இருந்ததே, தானே புயலில்கூடத் தப்பியது, 2024 ஃபெஞ்சலில் போய்விட்டது. கீழ் அறையில் முழங்கால் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. திறந்து பார்த்தபோது ராஜபார்ட் உடையெல்லாம் ஒரே பூஞ்சைக் கட்டி. உன்னிடம் அப்போது சொல்லவில்லை.

ஆகவே உன் தாத்தாவின் அல்பாகா கம்பளிக் கோட்டு வேண்டும். மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு வேட்டிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு அவர் போன காலம்தான் இந்தக் கதையின் காலம். அவரும் வக்கீல் குமாஸ்தா, இவனும் வக்கீல் குமாஸ்தா. நான் உப்புத்தாளும் கூழாங்கல்லும் வைத்து இரண்டு நாள் மல்லுக்கட்டியது அந்தக் கோட்டில் தானாகவே இருக்கிறது. வலது பாக்கெட்டை மூக்குப்பொடி டப்பியும் சாவிக் கொத்தும் ஆயுசு முழுக்க இழுத்திருக்கின்றன. காலர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும், குடையை அவர் எப்போதும் அந்தத் தோளில்தான் சாய்த்துப் பிடிப்பார். இதையெல்லாம் நான் எப்படிச் செய்வேன்?

அதன் மேல் ரத்தம் படாது. அந்தக் காட்சிக்குச் சண்டே மார்க்கெட் கோட்டு. மழைக் காட்சியிலும் குடைக்குள்தான் இருக்கும். தினமும் ராத்திரி என் வீட்டுக் கொடிக்கு வந்துவிடும். கொடுக்க மனமில்லை என்றால் மனமில்லை என்று எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். கொடுப்பதாக இருந்தால் வேட்டியில் சுற்றி உன் பையனிடம் கொடுத்துப் பஸ் ஏற்றிவிடு, நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். ஷூட்டிங் அடுத்த மாதம் இரண்டாம் வாரம்.

ஒரு விஷயம். 1988-இல் அவரைக் கேட்காமல் எடுத்து, பாக்கெட்டைக் கிழித்து, ஹாஸ்டலில் உட்கார்ந்து நீல நூலில் தைத்தோமே. பார்த்ததும் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அறை விழுந்தது. அவர் அந்தத் தையலைப் பிரித்து வேறு தைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருந்தால் நீயும் பிரிக்காதே. கறுப்பு வெள்ளையில் நீலம் தெரியாது.

உன்,
திரை இழுத்தவன்