‘பிரபலம்’ என்பது பாராட்டுச் சொல்லா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வாழ்நாள் முழுவதையும் அகராதிப் பணியில் செலவிட்ட பேராசிரியர் ஒருவரின் மறைவுச் செய்தி, அண்மையில் தங்கள் நாளிதழில் ‘கல்வித்துறைப் பிரபலம் காலமானார்’ என்னும் தலைப்பில் வெளியாகியிருந்தது. அவரைப் பெருமைப்படுத்தும் எண்ணத்தோடுதான் அந்தச் சொல் இடப்பட்டிருக்கும். ஆனால் மாணவர் வட்டத்துக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் மிகச் சிலரே என்று அதே செய்தியின் கடைசிப் பத்தி கூறுகிறது. பலரும் அறியாத ஒருவர் எவ்வாறு பிரபலம் ஆவார்? ‘செலிபிரிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நாம் கையாளும் ‘பிரபலம்’, அறிஞர், சான்றோர், சாதனையாளர் ஆகிய எல்லாச் சொற்களின் இடத்தையும் மெல்லப் பிடித்துக்கொண்டு வருவதால் இதை எழுதுகிறேன்.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேரான ‘செலெபர்’ என்னும் லத்தீன் சொல்லுக்கு, மக்கள் திரளாக வந்து கூடுகிற என்று பொருள். கூட்டம் கூடும் இடத்தைக் குறித்தது, பிறகு கூட்டம் கூடும் சடங்கையும் விழாவையும் குறித்து, அதன்பின் ஊரறிந்த நிலையைக் குறிக்கலாயிற்று. நெடுங்காலம் அது ஒருவருக்கு வாய்க்கும் நிலையின் பெயராகத்தான் இருந்தது. அந்த நிலையை உடைய ஆளையே அச்சொல்லால் சுட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஆங்கிலத்தில் ஊன்றியது. செய்தித்தாள்கள் பெருகி, புகைப்படமும் பரவத் தொடங்கிய காலம் அது என்பதை நினைத்தால், இந்தப் பொருள் மாற்றம் வியப்பளிக்காது.

இந்த வரலாற்றில் எங்குமே தகுதி என்பது பேசப்படவில்லை. எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே அச்சொல் அளக்கிறது. எதற்காக அறிந்திருக்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. ஆங்கில எழுத்தாளர்கள் இந்த வேறுபாட்டை நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். திறனாய்வாளர் மேத்யூ ஆர்னால்டு, தத்துவ அறிஞர் ஸ்பினோசாவைப் பற்றி எழுதுகையில், அவருக்குப் பின்வந்த சிலருக்கு வாய்த்தது ‘செலிபிரிட்டி’ என்றும் ஸ்பினோசாவுக்கு உரியது ‘ஃபேம்’, அதாவது புகழ், என்றும் பிரித்துக் காட்டினார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின் இன்னும் கூர்மையாக, அறியப்பட்டிருப்பதற்காகவே அறியப்படுபவர் என்று அச்சொல்லுக்கு விளக்கம் தந்தார். அதைப் பாராட்டு என்று எவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதே வேரிலிருந்து வந்த ‘செலிபிரேட்டட்’ என்னும் அடைமொழியோ மதிப்பை உணர்த்துவது. தமிழில் ‘கொண்டாடு’ என்னும் வினையும் விழா எடுப்பதையும் ஒருவரை உயர்த்திப் பேசுவதையும் ஒருசேரக் குறிப்பதால், கொண்டாடப்படும் எழுத்தாளர் என்றால் அந்தப் பொருள் அப்படியே வந்துவிடுகிறது. எழுதியதற்காகக் கொண்டாடப்படுபவர் ஒருவர். ஏற்கெனவே பிரபலமாக இருப்பதால் அவர் எழுதியதும் விற்கிறது என்றால் அவர் வேறொருவர். இருவரையும் ‘பிரபல எழுத்தாளர்’ என்று எழுதிவிட்டால் வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

இலக்கணத்திலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. வடமொழியில் ‘பிரபல’ என்றால் வலிமை மிக்க என்பது பொருள். அதைப் புகழோடு சேர்த்தது நம் வழக்கு. பண்பின் பெயரை ஆளுக்கு ஆக்குவது ஆகுபெயர் முறைதான் என்பதால் அதில் பிழை காண முடியாது. ஆயினும் ‘பிரபலங்கள் வந்தனர்’ என்று எழுதும்போது அஃறிணை விகுதி பெற்ற எழுவாய் உயர்திணை வினையோடு முடிவது காதில் இடறத்தான் செய்கிறது. ‘ஆளுமைகள்’ என்பதும் ஆங்கிலப் ‘பெர்சனாலிட்டி’யின் நிழலில் இவ்வாறே நுழைந்தது. (‘நட்சத்திரங்கள்’ என்பதை மட்டும் பழக்கத்தால் மன்னித்துவிடுகிறோம்.) ‘பிரமுகர்’ என்னும் சொல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்றாலும், அது செல்வாக்கும் பொறுப்பும் உடையவரையே குறிப்பதால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

‘பிரபலம்’ என்னும் சொல்லையே விலக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பலரால் அறியப்பட்டவரைக் குறிக்க அது பொருத்தமானதே. அவ்விடங்களில் ‘புகழ்பெற்ற’ என்று எழுதுவதுதான் மிகை. மற்றவர்களை அவர்கள் செய்த தொழிலின் பெயராலேயே குறிப்பிடுமாறு தங்கள் செய்திப் பிரிவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பேராசிரியரின் செய்திக்கு ‘அகராதி அறிஞர் காலமானார்’ என்று தலைப்பிட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். இடமும் குறைவாகவே பிடித்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்